சிப்பி எழுதி வைக்கும் கணக்கு: நம் கடற்கரை மாசை யார் படிக்கிறார்கள்?

2024 ஏப்ரல் மாதத்தில் போர்ட்டிக்சன் கடலில் எடுத்த சிப்பியை விற்கக் கூடாது, சாப்பிடவும் வேண்டாம் என்று மீன்வளத் துறை அறிவித்தது. சிப்பி சாப்பிட்ட சிலர் உடல்நலம் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்குப் போன பிறகு, அங்குள்ள கடல்நீரில் நச்சுப்பாசியும் சிப்பியின் சதையில் அந்தப் பாசியின் நச்சும் இருப்பது தெரியவந்தது. சில நாள்கள் அந்தச் செய்தி ஓடியது. சாலையோரத்தில் சிப்பி விற்றவர்கள் கடையை மூடினார்கள். வார இறுதியில் போர்ட்டிக்சன் போகும் குடும்பங்கள் வேறு உணவைத் தேடின. தடை நீங்கியதும் எல்லாரும் அதை மறந்துவிட்டோம்.

மறந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சிப்பிக்குள் நச்சு இருக்கிறது என்பது சிப்பியைப் பற்றிய செய்தி மட்டுமா? அது அந்தக் கடலைப் பற்றிய செய்தியும்தானே? கடலில் என்ன கலந்திருக்கிறது என்று சிப்பி நமக்குச் சொல்கிறது. அதை நாம் கேட்பது, யாராவது மயங்கி விழுந்த பிறகுதான்.

நம் நாட்டில் கெராங் சாப்பிடாத ஊர் இல்லை. சம்பால் கெராங், சார் குவே தியாவ், லக்சா என்று எத்தனையோ விதம். பச்சை ஓடு போட்ட கூப்பாங் சிப்பியை இஞ்சி, செரை போட்டு அவிப்பவர்களும் உண்டு. கடலோரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் வேலை முடிந்து சேற்றில் இறங்கி லோக்கான் பொறுக்கிய கதையைச் சொல்வார்கள். காசு கொடுக்காமல் கிடைத்த கறி அது. ஆகவே இது மீனவர்களின் பிரச்சினை, நமக்கு என்ன என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது.

சிப்பியை ஏன் நம்பலாம்?

கடல் மாசை அளக்க ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. போத்தல் தண்ணீர் அந்த ஒரு நேரத்துக் கடலை மட்டுமே காட்டும். காலையில் எடுத்த தண்ணீர் சுத்தமாக இருக்கும். இரவில் யாராவது கழிவைத் திறந்துவிட்டால், அடுத்த அலையில் அது கலைந்து போய்விடும். மறுநாள் அதிகாரி வந்து எடுக்கும் போத்தலில் ஒன்றும் இருக்காது.

சிப்பியை அப்படி ஏமாற்ற முடியாது. மீன் நீந்திப் போய்விடும். சிப்பி ஒட்டிய இடத்திலேயே வாழ்ந்து அங்கேயே சாகும். அது உண்ணுவதும் மூச்சு விடுவதும் தண்ணீரை வடிகட்டித்தான். வளர்ந்த ஒரு கூப்பாங் சிப்பி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடும். அந்தத் தண்ணீரில் உள்ள நுண்ணிய பாசியை அது சாப்பிடுகிறது. கூடவே ஈயம், காட்மியம், பாதரசம், எண்ணெய்க் கழிவு, பூச்சிமருந்து என்று எது வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் உடலில் தங்கிவிடுகிறது. தண்ணீரில் கண்டுபிடிக்கவே முடியாத அளவில் இருக்கும் பொருள்கூட, சிப்பியின் சதையில் பல மடங்கு சேர்ந்து, கருவியில் தெளிவாகத் தெரியும்.

ஒரு சிப்பியைச் சோதித்தால் அந்த இடத்தில் கடந்த பல வாரங்களில், மாதங்களில் என்ன ஓடியது என்பது கிடைக்கும். மாதம் முழுவதும் கடனுக்குச் சாமான் வாங்கிய கடைக் கணக்குப் புத்தகம் போல, ஒவ்வொரு நாள் வரவும் அதில் ஏறியிருக்கும்.

எல்லாச் சிப்பியும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. கயிற்றிலும் கம்பத்திலும் தொங்கி வளரும் கூப்பாங், ஓடும் தண்ணீரின் நிலையைச் சொல்லும். சேற்றில் புதைந்து வாழும் கெராங், அடியில் படிந்த சேற்றின் நிலையைச் சொல்லும். பாறையில் ஊரும் சில கடல் நத்தைகள் இன்னொரு வகைச் சாட்சி. கப்பலின் அடியில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசிய ஒரு வகைத் தகரச் சாயம் தண்ணீரில் கலந்தபோது, பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. துறைமுகத்துக்கு அருகில் அப்படிப்பட்ட நத்தை எத்தனை என்று எண்ணினாலே அந்தச் சாயத்தின் அளவைக் கணிக்கலாம். அந்தச் சாயத்தை ஒழிக்கும் அனைத்துலக ஒப்பந்தம் 2001இல் உருவாகி 2008இல் நடப்புக்கு வந்தது. நத்தைகளின் சாட்சியம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சிப்பிக்கும் குறைகள் உண்டு. சிறிய சிப்பியும் பெரிய சிப்பியும் ஒரே அளவில் சேர்க்காது. முட்டையிடும் காலத்தில் சதையின் எடை மாறும். மழைக் காலத்தில் உப்பு குறைந்தால் அது ஓட்டை மூடிக்கொள்ளும். செம்பு, துத்தநாகம் போன்றவை சிப்பியின் உடலுக்கே ஓரளவு தேவை என்பதால் அவற்றின் அளவை அது தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். ஆகவே அந்த உலோகங்களுக்குச் சிப்பியின் சதை அவ்வளவு நல்ல சாட்சி அல்ல. காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் நல்ல சாட்சி. இதெல்லாம் தெரிந்த ஆய்வாளர்கள் ஒரே அளவுச் சிப்பிகளை, ஒரே பருவத்தில் எடுத்து ஒப்பிடுகிறார்கள்.

உலகம் பட்ட பாடு

ஜப்பானில் மினமாத்தா என்ற மீன்பிடி ஊரில் 1956ஆம் ஆண்டு ஒரு புதிய நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கை கால் நடுக்கம், பார்வை மங்கல், பேச்சுத் தடுமாற்றம், பிறகு மரணம். அதற்கு முன்பே அந்த ஊரில் பூனைகள் வெறி பிடித்தது போல் ஆடிச் செத்தன. விரிகுடாவில் எடுத்த மீனையும் சிப்பியையும் சாப்பிட்டவர்களுக்குத்தான் நோய் வந்தது. இரசாயன ஆலை ஒன்று கடலில் விட்ட கழிவில் இருந்த பாதரசம்தான் காரணம் என்று ஜப்பானிய அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968இல். இடையில் 12 ஆண்டுகள் அந்த மக்கள் அதே கடலில் பிடித்துச் சாப்பிட்டார்கள். மினமாத்தா நமக்கு விட்டுப்போன பாடம் அந்த 12 ஆண்டுகள்தான்.

1975இல் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற அமெரிக்கக் கடல் விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார். உலகக் கடற்கரைகள் எங்கும் சிப்பி இருக்கிறது. குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட காலத்தில் அதை எடுத்துச் சோதித்துக்கொண்டே இருந்தால், கடல் கெடுவதை ஆள் சாகும் முன்பே தெரிந்துகொள்ளலாம் என்றார். அதற்குச் ‘சிப்பிக் காவல்’ என்ற பொருள்படும் பெயர் வைத்தார்கள். அமெரிக்கா 1986 முதல் அதை நிரந்தரத் திட்டமாகவே நடத்திவருகிறது. தடை செய்யப்பட்ட பூச்சிமருந்துகளின் அளவு சிப்பியில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதை அந்தத் திட்டம் காட்டியது. சட்டம் போட்டதால் பலன் கிடைத்ததா என்ற கேள்விக்கும் சிப்பியே பதில் சொன்னது. இது கெட்ட செய்தியை மட்டும் கொண்டுவரும் வேலை அல்ல.

நம் கடற்கரையில் எழுதப்பட்டது

நம் நாட்டில் இந்த வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் யாப் சி கோங்கும் அவருடைய சகாக்களும் 1990களின் கடைசியிலிருந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கூப்பாங் சிப்பிகளைச் சேகரித்துச் சோதித்தார்கள். நம் கடலுக்குக் கூப்பாங் நல்ல காவலாளி என்பதை நிறுவியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர்கள் கண்டது என்ன? பெரும்பாலான இடங்களில் அன்றைக்கு உலோக அளவு உணவுக்கான வரம்புக்குள் இருந்தது. அது நிம்மதி. ஆனால், இடத்துக்கு இடம் வித்தியாசம் இருந்தது. உலர்ந்த சதையில் ஈயத்தின் அளவு மிகக் குறைந்த இடத்துக்கும் மிக அதிகமான இடத்துக்கும் இடையில் மூன்று மடங்குக்கும் மேல் வேறுபாடு. ஒரே கடல், ஒரே வகைச் சிப்பி. வேறுபட்டது கரையில் இருந்த தொழிற்சாலைகளும் துறைமுகமும் குடியிருப்பும்தான்.

அவர்கள் ஆய்வுகளில் உலோகம் அதிகமுள்ள இடமாக மீண்டும் மீண்டும் வந்த ஒரு பெயர், ஜொகூர் நீரிணை ஓரத்தில் பாசிர் கூடாங் அருகே உள்ள கம்போங் பாசிர் பூத்தே.

அந்த வட்டாரத்தின் பெயரை 2019 மார்ச்சில் நாடு முழுவதும் கேட்டது. சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். மார்ச் 7ஆம் தேதி பள்ளிப் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறலும் வாந்தியும் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே வேலைக்காகக் குடியேறிய நம்மவர் குடும்பங்கள் பல, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீடுகளுக்கு ஓடின.

சிப்பியில் இருந்த உலோகமும் ஆற்றில் கொட்டிய கழிவும் ஒன்றல்ல. முன்னது பல ஆண்டுகள் மெல்லச் சேர்ந்தது. பின்னது ஓர் இரவில் நடந்த குற்றம். சிப்பியைப் படித்திருந்தால் அந்த இரவைத் தடுத்திருக்கலாம் என்றும் சொல்ல முடியாது. ஆனால், எந்தக் கரை சுமை தாங்க முடியாமல் நிற்கிறது என்பதைச் சிப்பி முன்பே சொல்லியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கண்காணிப்பைக் கூட்டியிருக்க வேண்டாமா?

தோட்டத்து ஆறு கடலில் முடிகிறது

கடல் மாசு என்றால் துறைமுகமும் கப்பலும்தான் நினைவுக்கு வரும். கடலோரச் சேற்றில் சேருவதில் பெரும் பகுதி ஆற்றில் வருவது. அந்த ஆறுகள் நம் தோட்டங்கள் வழியாகத்தான் ஓடுகின்றன.

பழைய தோட்டக்காரர்களுக்கு இது நினைவிருக்கும். 1970களில் நாட்டின் ஆறுகளை மிக அதிகமாகக் கெடுத்தவை செம்பனை ஆலையும் ரப்பர் ஆலையும். ஆலைக்குக் கீழே ஆறு கறுத்து, நுரைத்து, மீன் செத்து மிதந்தது. குளிக்கவும் துணி துவைக்கவும் அதே ஆற்றைத்தான் லயத்து மக்கள் நம்பியிருந்தார்கள். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன் கீழ் முதலில் வந்த விதிகளில் ஒன்று 1977இல் செம்பனை ஆலைகளுக்கானது.

கழிவு எவ்வளவு உயிர்வாயுவைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சும் என்பதை வைத்து அதன் கெடுதலை அளப்பார்கள். சுத்திகரிக்காத செம்பனைக் கழிவில் அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1978இல் 5,000 என்று வரம்பு போட்டார்கள். படிப்படியாக இறக்கி 1984இல் 100 ஆக்கினார்கள். ஆலைகள் குளம் வெட்டிக் கழிவைப் புளிக்கவைத்து விடத் தொடங்கியது அப்போதுதான். முடியாது என்று சொன்ன தொழில், வரம்பு உறுதியாக இருந்ததும் ஆறு ஆண்டுகளில் செய்துகாட்டியது. அளந்து, வரம்பு போட்டு, விடாமல் பிடித்தால் மாற்றம் வரும் என்பதற்கு வேறு நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இன்றைய ஆற்றுக்கு வேறு சுமைகள். சிலாங்கூர் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரவாங் பக்கத்துக் கிளை ஆறுகளைச் சேர்த்துக்கொண்டு, பத்தாங் பெர்சுந்தை தோட்டங்களைத் தாண்டி, கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. 2020 செப்டம்பர் 3ஆம் தேதி ரவாங்கில் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்ததால் நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் கணக்குதாரர்களுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றது. வாளியும் டோங்கும் தூக்கிக்கொண்டு லாரிக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

குழாய்க்குப் போகும் தண்ணீரை மணிக்கணக்கில் சோதிக்கிறார்கள்; அதனால்தான் வாடை வந்ததும் அடைத்தார்கள். ஆற்றை யாரும் அடைக்க முடியாது. அது முகத்துவாரத்துக்குப் போய்த்தான் தீரும். அங்கே சேற்றில் இரவு பகலாகக் காவலிருப்பது கெராங்.

அந்தக் கெராங்கின் கதி என்ன? 2010இல் நம் நாட்டின் கெராங் உற்பத்தி சுமார் 78,000 டன். ஐந்தாறு ஆண்டுகளில் அது 20,000 டன்னுக்கும் கீழே இறங்கியது. பேராக், சிலாங்கூர், பினாங்கு சேற்றுக் கரைகளில் விதைத்த குஞ்சுகள் வளரவில்லை. வளர்ந்தவை கூட்டமாகச் செத்தன. ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்த கெராங் இன்று விலையேறி, தட்டில் எண்ணிப் போடும் பொருளாகிவிட்டது.

மாசு ஒன்றுதான் காரணம் என்று சொல்வது சரியாக இருக்காது. கடலைத் தூர்த்து நிலமாக்கியது, வண்டல் சேர்ந்தது, சதுப்புக் காடு அழிந்தது, குஞ்சுகளை அளவுக்கு மீறி அள்ளியது, மழைவெள்ளத்தில் உப்பு குறைந்தது என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எந்தக் காரணம் எந்தக் கரையில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், அந்தந்தக் கரையின் கெராங்கை ஆண்டுதோறும் சோதித்த கணக்கு வேண்டும். கணக்கு இல்லாத இடத்தில், ஆலை மழையைக் கைகாட்டும். மேம்பாட்டாளர் மீனவரைக் கைகாட்டுவார்.

ஜூரு சொன்னது

மக்கள் கேட்டால் நடக்கும் என்பதற்கும் நம்மிடமே ஒரு வரலாறு இருக்கிறது. பினாங்கின் பெருநிலத்தில் பிறை தொழிற்பேட்டை வளர்ந்தபோது, கோல ஜூரு மீனவர்களின் பிடி விழுந்தது. ஆலைக் கழிவுதான் காரணம் என்று அவர்கள் 1970களில் குரல் கொடுத்தார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அந்தக் குரலை நாடறியச் செய்தது. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் பல ஆண்டுகள் தலைமை தாங்கிய சங்கம் அது. அந்த மீனவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் வளர்க்கவும் செய்தார்கள்.

படித்த விஞ்ஞானி வந்து சொல்லும் முன்பே, வலையிலும் சேற்றிலும் கை வைத்தவர்கள் கடல் கெட்டதைச் சொன்னார்கள். இன்று அவர்கள் கையில் இல்லாதது பரிசோதனைச் சான்று. ‘கெராங் செத்துவிட்டது’ என்று சொன்னால் புகார். ‘இந்தக் கெராங்கில் இவ்வளவு ஈயம்’ என்று சொன்னால் ஆதாரம்.

சாப்பிடுபவர் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று

சிப்பியில் வரும் கெடுதலை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அவை மூன்று வகை. மூன்றுக்கும் தீர்வு வேறு.

முதலாவது, கிருமி. மனிதக் கழிவு கலந்த தண்ணீரில் வளர்ந்த சிப்பியில் மஞ்சள்காமாலை, வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்கும். 1988இல் ஷங்ஹாய் நகரில் அரைவேக்காட்டில் கெராங் சாப்பிட்டதால் சுமார் 3 லட்சம் பேருக்குக் கல்லீரல் அழற்சி பரவியது. சிங்கப்பூரிலும் 1983இல் கெராங் வழியாக அதே நோய் பரவியது. இதற்கு மருந்து எளிது: நன்றாக வேகவைப்பது. வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, இரத்தம் சொட்டச் சாப்பிடுவதுதான் ஆபத்து. சுத்தமான நீரில் ஓரிரு நாள் விட்டு வைத்தால் பாக்டீரியா பெருமளவு வெளியேறும்; ஆனால், மஞ்சள்காமாலை போன்ற நோய்களைத் தரும் வைரஸ் அப்படி எளிதில் போகாது.

இரண்டாவது, பாசி நச்சு. போர்ட்டிக்சனில் வந்தது இந்த வகை. சில நுண்பாசிகள் கடலில் திடீரென்று பெருகும்போது சிப்பி அவற்றை உண்டு, நச்சைச் சேர்த்துக்கொள்கிறது. சபாவில் 1976 முதலே இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. மலாக்காவில் 1991இலும் கிளந்தான் தும்பாட்டில் 2001இலும் நடந்தது. தும்பாட்டில் லோக்கான் சாப்பிட்ட ஒருவர் இறந்தார். உதடு, நாக்கு, விரல் நுனி மரத்துப்போவது முதல் அறிகுறி. மூச்சு நின்றுபோகும் வரை போகலாம். இதற்கு முறிமருந்து கிடையாது. உடனே மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. எவ்வளவு வேகவைத்தாலும் இந்த நச்சு போகாது. புளி, எலுமிச்சை, மசாலா எதுவும் உதவாது. ஒரு கிலோ சிப்பிச் சதையில் இந்த நச்சு 0.8 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அனைத்துலக வரம்பு. அவ்வளவு சிறிய அளவைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. பாசி பெருகுவது இயற்கையாகவும் நடக்கும். சாக்கடையும் உரமும் ஆற்றில் சேர்ந்து கடலுக்கு ஊட்டம் கொடுத்தால் அது அடிக்கடி நடக்க வாய்ப்பு கூடும்.

மூன்றாவது, உலோகம். இது சாப்பிட்டவுடன் எதையும் காட்டாது. காட்மியம் ஆண்டுக்கணக்கில் சிறுநீரகத்தில் சேரும். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வேகவைத்தாலும் போகாது, நல்ல தண்ணீரில் இரண்டு நாள் வைத்தாலும் போகாது. எப்போதாவது ஒரு தட்டு சார் குவே தியாவ் சாப்பிடுபவர் பயப்பட வேண்டியதில்லை. தொழிற்பேட்டை அருகே, சோதிக்காத சேற்றில் தாமே பொறுக்கி, வாரம் பலமுறை சாப்பிடும் குடும்பம்தான் கவலைப்பட வேண்டும். அப்படிச் சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் கையில் காசு குறைந்தவர்கள்.

தடையின் சுமை யார் தலையில்?

நம் நாட்டில் சிப்பி சோதிக்கப்படாமல் இல்லை. மீன்வளத் துறை, சிப்பி வளர்க்கும் இடங்களில் பாசி நச்சு, கிருமி, கன உலோகம் ஆகியவற்றைச் சோதிக்கும் தேசியத் திட்டத்தை நடத்துகிறது. சுகாதார அமைச்சு உணவைச் சோதிக்கிறது. சுற்றுச்சூழல் துறை 1978 முதல் கடல்நீரைச் சோதித்து வருகிறது.

மூன்று துறைகள், மூன்று கேள்விகள். சிப்பியைச் சோதிப்பவர் கேட்பது ‘இதைச் சாப்பிடலாமா?’. கடல்நீரைச் சோதிப்பவர் கேட்பது ‘இன்று தண்ணீர் எப்படி?’. ‘இந்தச் சிப்பியில் இருப்பது எந்த ஆற்றில், எந்த வாய்க்காலில் இருந்து வந்தது?’ என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

அதனால் நடப்பது இதுதான். வரம்பு தாண்டினால் விற்பனை நிறுத்தப்படும். சிப்பி வளர்த்தவருக்கு அன்றைய வருமானம் போகும். கடைக்காரருக்கு வாடிக்கையாளர் போவார். சாப்பிட்டவர் மருத்துவமனையில் இருப்பார். கழிவை விட்டவர் ஒருவர் இருந்தால், அவருக்கு ஒன்றும் ஆகாது. கடலைக் கெடுக்காதவர்கள் எல்லாரும் விலை கொடுக்கிறார்கள்.

வரம்புக்குள் இருக்கிறது என்ற பதிலிலும் ஒரு குறை உண்டு. ஒரு கரையில் ஈயம் ஐந்து ஆண்டுகளாகக் கூடிக்கொண்டே வந்து, இன்னும் வரம்பைத் தொடவில்லை என்றால், உணவுச் சோதனைக்கு அது தேர்ச்சிதான். சிப்பியைக் காவலாளியாக வைத்துப் பார்த்தால், அது ஐந்து ஆண்டுகளாக அடிக்கும் மணி. வரம்பைத் தொட்ட பிறகு விழிப்பது காவல் ஆகாது.

என்ன கேட்க வேண்டும்?

பெரிய செலவோ புதிய கண்டுபிடிப்போ தேவையில்லை. நான்கு காரியங்களைக் கேட்கலாம்.

ஒன்று, ஏற்கெனவே நடக்கும் சோதனைகளின் முடிவை இடவாரியாக, ஆண்டுவாரியாக, சாதாரண மனிதர் பார்த்துப் புரிந்துகொள்ளும் விதத்தில் வெளியிட வேண்டும். கோல சிலாங்கூர், கோல செப்பேத்தாங், ஜூரு, பாசிர் பாஞ்சாங் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி போதும். தடை வரும் நாளில் மட்டும் பெயர் கேள்விப்படும் நிலை மாற வேண்டும். மலாய், ஆங்கிலத்துடன் சீனத்திலும் தமிழிலும் அந்த அறிவிப்பு வரவேண்டும். தடை அறிவிப்பு புரியாமல் ஒரு மூதாட்டி லோக்கான் சமைத்தால் அது அவர் தவறு ஆகாது.

இரண்டு, சிப்பியில் ஓர் உலோகம் தொடர்ந்து கூடினால், வரம்பைத் தொடும் முன்பே சுற்றுச்சூழல் துறை ஆற்றின் மேற்பக்கம் போய்த் தேட வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். சுத்தமான இடத்துச் சிப்பியைக் கூட்டில் போட்டுச் சந்தேகமான வாய்க்கால் முகப்பில் சில வாரம் தொங்கவிட்டு எடுத்தால், எந்தப் பக்கம் கழிவு வருகிறது என்பது தெரிந்துவிடும். சிப்பியை இடம் மாற்றிச் சோதிக்கும் ஆய்வுகள் ஜொகூர் நீரிணையிலேயே நடந்திருக்கின்றன. கெடுத்தவரைத் தண்டிக்கச் சட்டத்தில் பல்லும் இருக்கிறது. 2024 திருத்தத்தில் அதிகபட்ச அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. பல் இருந்தும் யாரைக் கடிப்பது என்று தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

மூன்று, தன் தவறு இல்லாமல் கடை மூடும் சிப்பி வளர்ப்பாளருக்கும் சிறு மீனவருக்கும் தடைக் காலத்தில் உதவி வேண்டும். உதவி இல்லாத இடத்தில் தடையை மீறி இரகசியமாக விற்பது நடக்கும். அந்தச் சிப்பி நம் வீட்டுக்கே வரும்.

நான்காவது நம் கையில் இருப்பது. ஆற்றில் நிறம் மாறினால், முகத்துவாரத்தில் சிப்பி கூட்டமாகச் செத்துக் கிடந்தால், நேரத்தையும் இடத்தையும் குறித்து, படம் எடுத்து, சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 என்ற எண்ணில் சொல்லலாம். சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் தங்கள் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினரிடம் கெராங் சோதனை முடிவைக் கேட்கலாம். குண்டும் குழியுமான சாலைக்காகக் கேட்கும் நாம் இதையும் கேட்கலாம்.

வாங்கும்போது, எங்கே வளர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். தடை உள்ள இடத்துச் சிப்பியை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். கெராங்கை ஓடு திறந்து சதை இறுகும் வரை வேகவையுங்கள். இவை வீட்டில் செய்ய முடிந்தவை. கடலில் கலப்பதைத் தடுப்பது வீட்டில் முடியாது. சிப்பியில் எழுதியிருப்பதைப் படித்து, மக்களுக்குச் சொல்லி, கலப்பவரைத் தேடிப் போவது அரசாங்கத்தின் வேலை. அடுத்த தடை அறிவிப்பு வரும்போது, எந்த இடத்துச் சிப்பி என்பதோடு, எதனால், யாரால் என்ற பதிலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள்.